மூட்டும் மூட்டையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரை)



நம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "உடற்பயிற்சி பற்றி இருபது நிமிஷம் பேசணும்" என்றபோது, "ஆள் மாறிப் போச்சா?" என்றுதான் கேட்டேன். நம் காலத்தில் மைதானத்தில் வாலிபால் நடக்கும்போது நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினவன். முன்வரிசையில் சிரிக்கிறவர்களுக்கு அது தெரியும். நான் டாக்டரும் இல்லை. இயற்பியல் படித்து, தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குள்ள தகுதி ஒன்றுதான். வலது முழங்கால், இடது தோள்பட்டை, இடுப்பு என்று மூன்று இடத்தில் பழுதான உடம்பை வைத்துக்கொண்டு, ஜிம் வாசலை மிதிக்காமல், 2012 முதல் வீட்டு மொட்டை மாடியில் பளு தூக்கி வருகிறேன். அந்த அனுபவத்தையும், அதற்காகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்லத்தான் வந்தேன்.

சற்று முன் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். நான் மேடையிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தேன். நாற்காலிக் கையை ஊன்றாமல் எழுந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. சிலர் பக்கத்திலிருந்த நண்பரின் தோளையே ஊன்றுகோலாக்கிவிட்டார்கள். நட்பு நல்லதுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் போகும்போது அந்த நண்பர் பக்கத்தில் இருக்கமாட்டாரே!

நாற்பதைத் தாண்டினால் உடம்பில் தசை மெல்ல மெல்லக் குறைகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. எடை பார்க்கும் மெஷினில் இது தெரியாது, ஏனென்றால் தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு ரொம்ப நாள் வரைக்கும் தனிப் பெயர்கூடக் கிடையாது. 1989-இல்தான் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி கிரேக்கச் சொற்களை இணைத்து 'சார்க்கோபீனியா' என்று பெயர் வைத்தார். தமிழில் 'சதைப் பஞ்சம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயர் வைத்த அடுத்த வருஷமே, 1990-இல், பாஸ்டன் நகரிலிருந்து ஒரு ஆய்வு வெளியானது. மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும், முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் இருந்த பத்துப் பேரை எடுத்துக்கொண்டார்கள். சராசரி வயசு 90. வாக்கிங் ஸ்டிக் பிடித்து நடக்கிறவர்கள், பல நோய்கள் உள்ளவர்கள். அவர்களுக்கு எட்டு வாரம், தொடைக்குப் பளு கட்டிக் காலை நீட்டுகிற பயிற்சி. பூவைத் தூக்குகிற மாதிரி லேசான பயிற்சி இல்லை. அவரவரால் தூக்க முடிகிற அதிகபட்சத்தில் முக்கால் பங்குக்கும் மேல். ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். மீதி ஒன்பது பேருக்கும் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது முன்பு 10 கிலோ தூக்கினவர் 27 கிலோ தூக்கினார். தொண்ணூறு வயசில்! இதைப் படித்த அன்றைக்கு, "இனிமே நமக்கு என்ன சார்" என்று சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

எனக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்குத் தேவைப்பட்டது என்று சொல்கிறேன்.

2006-இல் ஒரு ஸ்கூட்டர் என் முழங்காலில் வந்து மோதியது. உள்ளே இருக்கிற சவ்வு கிழிந்தது. காட்டின இடத்தில் டாக்டர் சொன்னார்: "இனிமே தரையில உட்காரக் கூடாது, மாடி ஏறக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது." மூன்று 'கூடாது'. எது கூடும் என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் பெயரும் ஆஸ்பத்திரி பெயரும் இந்த மலருக்கு வேண்டாம். அன்றைக்கு நிறையப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். ஐந்தாறு வருஷம் அப்படியே ஓடியது.

2011-இல் என் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அப்போது அவருக்கு 84 வயசு, 42 கிலோ எடை. எலும்பு முறிவு இல்லை, கடவுள் புண்ணியம். ஆனால் எழுப்பிவிட ஆள் வேண்டுமே! எனக்குக் கால் மடங்கவில்லை. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. என் மனைவிக்கு மணிக்கட்டில் கட்டு. ஈரத் தரையில் அம்மா, வாசற்படியில் நான். பக்கத்து வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்திருந்த பையனைக் கூப்பிட்டு வந்துதான் தூக்கினோம். அவன் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக் கட்டிலில் விட்டான். அம்மா என்னைப் பார்த்து, "உனக்கு என்னைவிட வயசாயிடுச்சுடா" என்றார். திட்டவில்லை. பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். என் பெண் வயசு இருக்கும். அந்தப் பெண் ஸ்கேன் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தையல்காரர் டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அளந்தார். வலது தொடை மூன்றரை சென்டிமீட்டர் குறைவு. "சார், உங்க மூட்டு கெட்டதைவிட, மூட்டைப் பிடிச்சிருக்கிற தசை கெட்டதுதான் அதிகம்" என்றார். அடிபட்ட மூட்டுக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்து, அதைத் தாங்குகிற தூணையே கரைத்திருக்கிறது அந்த வைத்தியம்.

நண்பர்களே, பளு தூக்குவது என்றால் பயில்வான்களுக்கு என்று நினைக்கிறோம். ஆனால் இன்றைக்கு எல்லா ஜிம்மிலும் சொல்கிற 'பத்துத் தடவை, மூன்று சுற்று' என்கிற கணக்கு, அடிபட்டவர்களிடமிருந்துதான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் முழங்கால், தொடையில் காயம்பட்ட அமெரிக்க வீரர்கள் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். சிகாகோவில் கார்டினர் இராணுவ மருத்துவமனையில் தாமஸ் டெலார்ம் என்ற இளம் டாக்டர், அவர்கள் காலில் இரும்பைக் கட்டித் தூக்கச் சொன்னார். அவரே சிறுவயதில் ரூமாட்டிக் ஜுரம் வந்து படுத்த படுக்கையாய்க் கிடந்து, பிறகு பளு தூக்கித் தேறினவர். தன் அனுபவத்தை 1945-இல் கட்டுரையாக எழுதினார். கொஞ்ச காலத்தில் முறையை இன்னும் எளிமையாக்கினார். பத்துத் தடவை தூக்க முடிகிற எடை எதுவோ அதைக் கண்டுபிடி. முதல் சுற்றில் அதில் பாதி, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழுசு. பலம் கூடக் கூட எடையைக் கூட்டு. அவ்வளவுதான் சூத்திரம்.

இன்னொரு கதை ஸ்வீடனில் நடந்தது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்று ஒரு எலும்பு மருத்துவர். அவருக்கே குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாணில் தீராத வலி. ஆபரேஷன் பண்ணுங்கள் என்று கேட்டாராம். அவருடைய மேலதிகாரி மறுத்துவிட்டாராம். "அறுந்துபோனால் பண்ணித்தானே ஆகணும்" என்று வேண்டுமென்றே மேலும் மேலும் பளு கொடுத்துப் பார்த்திருக்கிறார். அறுந்தது வலிதான்! பிறகு அதையே முறைப்படுத்தி 1998-இல் வெளியிட்டார். பதினைந்து பேர், பன்னிரண்டு வாரம். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. மேலே வருவதற்கு மற்றக் காலை உபயோகிக்கலாம். பதினைந்து பேரும் மறுபடி ஓடப் போனார்கள். எல்லோருக்கும் எல்லா வலிக்கும் இப்படி நடந்துவிடாது, வாஸ்தவம். ஆனால் கவனியுங்கள், அதற்கு வேண்டிய உபகரணம் ஒரு மாடிப்படி. என் வீட்டில் பதினெட்டுப் படி இருக்கிறது. 'ஏறக் கூடாது' என்று சொன்னார்களே, அதே படி.

முதுகு வலிக்கும் இதே கதைதான். இரண்டு நாள் படுத்தவர்களையும் ஏழு நாள் படுத்தவர்களையும் 1986-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏழு நாள் படுத்ததால் கூடுதலாக எந்த லாபமும் இல்லை, லீவு நாள்தான் அதிகமாயிற்று. 1995-இல் பின்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே போய், படுக்கவே படுக்காமல் வலி விட்டவரைக்கும் அன்றாட வேலையைச் செய்தவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள் என்று கண்டார்கள்.

அப்படியென்றால் வலியோடு தூக்கலாமா? இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. எனக்குக் கற்றுக்கொடுத்த முறை மார்க் போடுவது. வலியே இல்லை என்றால் பூஜ்யம். தாங்கவே முடியாது என்றால் பத்து. பயிற்சி செய்யும்போது மூன்று, நான்கு வரை போகலாம், பயப்பட வேண்டாம். அதற்குமேல் போனால் எடையைக் குறை, அல்லது மடக்குகிற அளவைக் குறை. ஆனால் உண்மையான பரீட்சை மறுநாள் காலையில். படுக்கையிலிருந்து எழுந்திருக்கும்போது மூட்டு பழைய நிலைக்கு வந்திருந்தால் நேற்றுச் செய்தது சரியான அளவு. வீங்கியிருந்தால், வலி தங்கியிருந்தால், அடுத்த தடவை பாதியாகக் குறைக்க வேண்டும். பாதியாகத்தான் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. நம் ஆட்கள் இரண்டே விதம்: ஒன்று, வைராக்கியமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது, இரண்டு, லேசாக வலித்தால் ஆறு மாசம் விட்டுவிடுவது. நடுவில் இருக்கிற பாதைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். தேதி, எடை, எத்தனை தடவை, மறுநாள் வலி மார்க். நான் அப்படித்தான் எழுதி வருகிறேன். ஸ்கோர் எழுதின கை அல்லவா!

இனி உபகரணங்களுக்கு வருகிறேன். இதுதான் என் சொந்தச் சரக்கு.

முதலில் கட்டில். உட்கார்ந்து எழுந்திருப்பதுதான் நம் தாத்தாக்கள் போட்ட பஸ்கி. மூட்டு வலிக்காரர் முழு பஸ்கி போட வேண்டியதில்லை. கட்டில் மேல் இரண்டு தலையணையை அடுக்கி உயரமாக்கி, அதில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருங்கள். பத்துத் தடவை சுலபமாக வந்தால் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். பிறகு இன்னொன்று. பிறகு நாற்காலி, பிறகு முக்காலி. எனக்கு இரண்டு தலையணையிலிருந்து முக்காலிக்கு வர பதினோரு மாசம் ஆயிற்று. அதற்கப்புறம்தான் அரிசி வந்தது. ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருப்பது, பிறகு பத்துக் கிலோ. கையை நீட்டித் தூக்கக் கூடாது; ஏன் என்று இயற்பியல் மாணவர்களுக்கு நெம்புகோல் பாடம் ஞாபகம் இருக்கும். அதே பத்துக் கிலோ உடம்பை ஒட்டியிருந்தால் இடுப்பு தாங்கும்; கை நீளத்துக்குத் தள்ளிப் போனால் இடுப்புக்கு அது பல மடங்கு. குனிந்து எடுக்கிற எந்தப் பொருளுக்கும் இதுதான் விதி. இருபத்தைந்து கிலோ சிப்பம் வாங்கியவர்கள் அதை ஒரே மூச்சில் தூக்கிக் காட்ட வேண்டாம். பிரித்துப் பைகளில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அதற்கும் திட்டு உண்டு, சமாளித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். கைப்பிடி உள்ளது. தண்ணீர் நிரப்பினால் ஐந்து கிலோ. காய்ந்த மணலை நிரப்பினால் சுமார் எட்டுக் கிலோ. ஒரு செம்பு தண்ணீர் கூட்டலாம், குறைக்கலாம். கடையில் விற்கிற டம்பெல்லில் இந்த வசதி கிடையாது. இரண்டு கையிலும் ஒவ்வொரு கேன் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி மாடியில் ஒரு நிமிஷம் நடப்பது கைப்பிடிக்கும் இடுப்புக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். பக்கெட்டில் தண்ணீரோடு நடந்தால் சிந்தும், வழுக்கும். விழாமல் இருப்பதற்காகச் செய்கிற பயிற்சியில் விழக் கூடாது.

மூன்றாவது சைக்கிள் ட்யூப். பஞ்சர் கடையில் கேட்டால் பழசு கொடுப்பார்கள். வால்வு இருக்கிற துண்டை வெட்டி எறிந்துவிட்டு, ஜன்னல் கம்பியில் மாட்டி, முழங்கை பின்னால் போகிற மாதிரி இழுப்பது. காலமெல்லாம் மேஜைமேல் கவிழ்ந்து வேலை பார்த்த நமக்கு முதுகின் மேற்பகுதி தேறுவதற்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் ட்யூபில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேரே வைத்து இழுக்காதீர்கள், அறுந்தால் கண்ணில் அடிக்கும்.

தண்டால் போட முடியாதவர்கள் சுவரில் கை வைத்துத் தள்ளலாம். அது சுலபமானால் சமையல் மேடை விளிம்பு, அப்புறம் கட்டில் விளிம்பு. சாய்வு கூடக் கூட எடை கூடுகிறது. இதுவும் இயற்பியல்தான்.

தோள்பட்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். எனக்கு 2015-இல் வந்தது. சட்டை போட முடியாது, பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுக்க முடியாது. பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடிக்க முடியாது. எங்கள் பழைய கிணற்றுக் கப்பி பரணில் கிடந்தது. அதை மாடி உத்தரத்தில் கட்டி, கயிற்றின் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, நல்ல கை இழுக்க, இறுகின கை மேலே போகும். வலி மார்க் நாலைத் தாண்டாமல், தினம் காலையும் மாலையும். முழுசாகச் சரியாக ஒன்றரை வருஷம் ஆனது. நடுவில் மற்றக் கைக்கு மட்டும் கேன் தூக்கினேன். ஒரு பக்கம் மட்டும் செய்தால் கோணலாகிவிடுமே என்று பலர் பயமுறுத்தினார்கள். உண்மை வேறு. 1894-லேயே அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் என்பவர், ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தால் சும்மா இருக்கிற மற்றக் கைக்கும் ஓரளவு பலம் வருவதை அளந்து காட்டியிருக்கிறார். பயிற்சி தசைக்கு மட்டும் இல்லை, அதை ஏவுகிற மூளைக்கும் நரம்புக்கும் சேர்த்துத்தான். எனவே மாவுக்கட்டுப் போட்டவர்கள்கூட டாக்டரைக் கேட்டுக்கொண்டு மற்றப் பக்கத்துக்கு வேலை கொடுக்கலாம்.

"தினம் ஒரு மணி நேரம் வாக்கிங் போறேனே, போதாதா?" என்று காபி வேளையில் ஒருவர் கேட்டார். இருதயத்துக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நடையோடு சேர்த்து, வாரத்தில் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றும், 65-ஐத் தாண்டினவர்களுக்கு மூன்று நாளாவது நிலைதடுமாறாமல் இருக்கும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. பல் தேய்க்கும்போது வாஷ்பேசினை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது இதில் சேர்த்தி. நான் செவ்வாயும் சனியும் பளு, மற்ற நாள் நடை. ஒரு தடவைக்கு நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆவதில்லை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. வந்திருக்கிற சகோதரிகள் பலர், "வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்கிறார்கள். வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் மிக்ஸியும் கிரைண்டரும் கேஸும் வந்த பிறகு அதில் பளு குறைந்துவிட்டது, முதுகு வளைவது மட்டும் குறையவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயும் வேகம் பெண்களுக்குத்தான் அதிகம். அவர்களுக்கே இது முதலில் வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ரொம்பப் பேசப்போவதில்லை, பந்தியில் என்ன காத்திருக்கிறது என்று தெரியும். இரண்டு கரண்டி சாதத்தைக் குறைத்து, ஒரு கரண்டி பருப்பையோ சுண்டலையோ ஒரு முட்டையையோ கூட்டினால் தசைக்கு மூலப்பொருள் கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவையும் உண்டு. தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எழும்போது மூச்சை விடுங்கள், வாய்விட்டு எண்ணினாலே போதும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யாதீர்கள். நெஞ்சு இறுக்கம், மயக்கம், காலில் புதிதாக மரப்பு, திடீரென்று சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இதெல்லாம் பயிற்சியைக் குறைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள், குறிப்பாக இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், மூட்டு மாற்றியவர்கள், ஒரு தடவை பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

அம்மா 2014-இல் இன்னொரு முறை விழுந்தார், இந்தத் தடவை கூடத்தில். மனைவி ஊரில் இல்லை. நான் தரையில் அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். முதலில் எங்கே வலிக்கிறது என்று விசாரித்து, கை காலை அசைக்கச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து உட்கார வைத்து, முக்காலியில் ஏற்றி, அங்கிருந்து கட்டிலில் ஏற்றினேன். நாற்பது கிலோ, இரண்டு சிப்பம்கூட இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார், எடுத்து வந்து கொடுத்தேன்.

மேடைக்கு இடது பக்கம் ஒரு கட்டிலுக்குப் பதிலாகப் பெஞ்சு, இரண்டு தலையணை, இரண்டு எண்ணெய் கேன், ஒரு சைக்கிள் ட்யூப், ஐந்து கிலோ அரிசிப் பை வைத்திருக்கிறேன். சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது. வேட்டியை மாற்ற வேண்டாம், ஷூவையும் கழற்ற வேண்டாம். முழங்கால்காரர்கள் முதலில் வாருங்கள். அரிசிப் பை சமையல்காரருடையது, மறக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்.